கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி

ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை போனில் நான் கத்தினேன். நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. ராஜபாளையத்துக்கு நினைத்த நேரம் பஸ் கிடைக்கிறது, நான் தபால் போடுகிறேன். போகட்டும். எழுத்தில் கத்த முடியாது, அது ஒரு வசதி.

நடந்ததைச் சொல்கிறேன். எல்காவின் துணையாக பெல்ஜியத்தில் போய் வாழ ஈஸ்வரி கேட்ட விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம் இப்படி எழுதியிருக்கிறது: “விண்ணப்பதாரரின் தாய்மாமனிடம் தொலைபேசியில் விசாரித்ததில், விண்ணப்பதாரர் யாருடனும் உறவில் இல்லை என்றும், எல்கா என்பவர் வாடகையைப் பகிர்ந்துகொண்ட சக ஊழியர் மட்டுமே என்றும் தெரியவந்தது.”

அவளுக்கு ஒரே தாய்மாமன். அது நீங்கள்.

குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் நம்பர் கேட்டிருந்தார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்காகப் பேச வேண்டியவர் தாய்மாமன்தானே? யோசிக்காமல் உங்கள் நம்பரை எழுதினேன். பெருமையாகவே எழுதினேன்.

கணக்குப் பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒன்று பார்ப்பேன். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, ஒரு பிள்ளை அழகாகப் பரப்பளவு எழுதியிருக்கும். கேட்டது சுற்றளவு. பெருக்கல் சரி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மார்க் கிடையாது. அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் வராது. நீங்கள் செய்தது அப்படியா, இல்லை தெரிந்தே சொன்ன பொய்யா? அதை மட்டும் சொல்லுங்கள்.

செப்டம்பர் முடிவதற்குள் மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார் வக்கீல். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.

தங்கை,
கனகலட்சுமி


ராஜபாளையம்
15 ஆகஸ்ட் 2025

தங்கச்சி கனகத்துக்கு,

முன்னாள் படைவீரர் சங்கத்தில் கொடியேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். சுபேதார் சமுத்திரத்தைப் பொய்யன் என்று எந்த ஆபீசரும் சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டாய்.

அந்தப் போனில் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நீயே முடிவு செய். தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். தமிழ் பேசுகிற ஒரு அம்மா.

“சார், ஈஸ்வரிங்கிறவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“எந் தங்கச்சி மக.”

“அவங்க யாரோடயாவது சேர்ந்து வாழ்ந்தாங்களா சார்?”

“யாரப் பாத்தும்மா கேக்க? எங்க வீட்டுப் புள்ள தங்கம். மில்லு உண்டு, வீடு உண்டுன்னு இருப்பா. ஒரு பய பேரு அவ வாயில வந்ததில்ல.”

“எல்கான்னு ஒருத்தங்க?”

“அந்த வெள்ளக்காரப் புள்ளயா? மில்லுக்குப் புதுத் தறி மிசின் மாட்ட வந்துச்சு. ரெண்டும் வாடகையப் பிரிச்சுக்கிட்டு ஒரு வீட்டுல இருந்துச்சுக. வேல முடிஞ்சது, ஊரப் பாக்கப் போயிருச்சு. நீங்க கவலையே பட வேண்டாம்.” அதோடு விட்டேனா? “மாப்பிள்ள என்ன வேல பாக்காரு?” என்றும் கேட்டேன்.

அந்த அம்மா எதையோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு “நன்றி சார்” என்று வைத்துவிட்டது.

நம் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் போன் போட்டு, பெண் எப்படி, யாரோடு பழகுகிறது என்று கேட்டால் அது எதற்கு? சம்பந்தம் விசாரிக்கத்தான். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். முப்பத்து மூன்று வயசில் பிள்ளைக்கு ஒரு இடம் வந்ததே என்ற சந்தோஷத்தில் மோட்டாரை நிறுத்த மறந்து தோப்பெல்லாம் தண்ணீர்.

நீ என்னிடம் எப்போது சொன்னாய்? “எல்கா கூடத்தான் ஈஸ்வரி இருக்கா” என்றாய். நானும் பட்டாளத்தில் நாயக் ரேங்க் ஆள் ஒருத்தர் கூடத்தான் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தேன். நேராகக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை நம் ஈஸ்வரிக்கு யார்? எழுத்தில் சொல்.

சமுத்திரம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

“மாப்பிள்ள என்ன வேல பாக்காரு” என்ற இடத்தை ஈஸ்வரியிடம் படித்துக் காட்டினேன். விசா மறுத்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பொய்யன் என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சுற்றளவுக்குப் பரப்பளவு எழுதிய பிள்ளை.

நேராகச் சொல்கிறேன். எல்கா ஈஸ்வரியின் வாழ்க்கைத்துணை. கல்யாணம் ஆன இருவர் எப்படி வாழ்வார்களோ அப்படித்தான் ராஜபாளையத்து வாடகை வீட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள். ஈஸ்வரி முதலில் சொன்னபோது எனக்கும் விளங்கவில்லை. ஒரு வாரம் சாப்பாடு போட்டேன், பேசவில்லை. எட்டாம் நாள் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, “அவளுக்கு உறைப்பு ஒத்துக்கிடுதா?” என்பதுதான். அன்றோடு அவள் என் வீட்டுப் பிள்ளை.

என் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்த ஒரு சிறுமி இருந்தாள். மாற்றுச் சான்றிதழ் வராததால் பதிவேட்டில் அவள் பெயர் ஏறவில்லை. எல்லாருக்கும் முந்தி வருவாள். நான் பெயர் வாசிக்கும்போது மற்றவர்கள் “உள்ளேன் டீச்சர்” சொல்வார்கள். அவள் முதல் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இல்லாதவளாகக் கணக்கெடுப்பேன்.

நம் நாட்டில் இவர்கள் இருவரும் அந்தச் சிறுமியைப் போல. ஈஸ்வரி ஒரு பெல்ஜியத்து ஆணைக் கட்டியிருந்தால் பதிவு அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கிடைத்திருக்கும். மருமகன் இங்கே தங்கவும், மகள் அங்கே போகவும் அந்த ஒரு தாள் வழி திறந்திருக்கும். இரண்டு பெண்களுக்கு அந்தத் தாளை இங்கே தருவதில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார்கள். அது பாராளுமன்றம் செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் வேலை விசா முடிந்ததும் எல்கா ஜனவரியில் போக வேண்டியதாயிற்று. நீங்கள் சொன்னது போல ஊரைப் பார்க்கப் போகவில்லை, அண்ணே. அழுதுகொண்டு போனாள்.

அவள் நாட்டில் அந்தத் தாள் உண்டு. அங்கே போய்ப் பதிவு செய்யலாம் என்றால், போக விசா வேண்டும். விசாவுக்கு, இவர்கள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்று குடும்பம் சொல்ல வேண்டும். குடும்பம் என்ன சொன்னது என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எதிர்வீட்டு வெள்ளத்தாயிடம் நானே சொன்னேன். “அப்போ மருமக வெள்ளக்காரியா டீச்சர்? கொழம்பு வைக்கத் தெரியுமா?” என்றாள். “தறி மாட்டத் தெரியும்” என்றேன். “அதுவும் நல்லதுதான், நம்மூருல கொழம்பு வைக்கத்தான் ஆளு கெடக்கே” என்று போய்விட்டாள்.

நீங்கள் நோட்டரியிடம் வந்து, போனில் தவறாகப் புரிந்துகொண்டு பேசினேன், இவர்கள் துணைகள் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். வருவீர்களா?

கனகலட்சுமி


ராஜபாளையம்
25 ஆகஸ்ட் 2025

கனகம்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிறகு உன் மதினியிடம் கொடுத்தேன். சீனியம்மாள் படிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். “இது எனக்கு எப்பவோ தெரியும். அதுக ரெண்டும் நம்ம வீட்டுல ஒரு தட்டுல சாப்பிட்டத நீங்க பாக்கலயா? அடுத்தவ தட்டுல இருந்து மீனு முள்ள எடுத்துக் குடுத்துச்சே அந்தப் புள்ள, கூட வேல பாக்குறவளா அதச் செய்வா?” என்றாள். நான் மீனைத்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது சட்டென்று ஏறவில்லை. ஆனால் எல்காவைக் குறை சொல்ல மாட்டேன். கையெல்லாம் கிரீசோடு வந்து, கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். ஒரு நல்ல ஜவானிடம் உள்ள ஒழுங்கு அதனிடம் உண்டு.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இப்போது இல்லை. என் பையன் தனுஷுக்கு மம்சாபுரத்தில் பெண் அமைந்திருக்கிறது. மொக்கைச்சாமி மகள். அவர் ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். ஈ பறந்தாலும் விசாரிக்கிற ஆள். நாலாம் தேதி நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி முடிந்த மறுநாளே நோட்டரியிடம் வருகிறேன். நீதான் அத்தை. முதல் தட்டு நீ எடுத்தால்தான் வரிசை நகரும். அங்கே யாராவது உன் மகளைப் பற்றிக் கேட்டால், இன்னும் அமையவில்லை என்று சொல்லிவிடு. ஒரே ஒரு வாய் வார்த்தைதான். அண்ணனுக்காக.

சமுத்திரம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தனுஷைத் தொட்டிலில் போட்டுப் பெயர் சொன்னவள் நான். அவன் தட்டை நான் எடுக்க வேண்டாமா? எடுக்கத்தான் ஆசை. சேலை கூட எடுத்து வைத்துவிட்டேன்.

ஆனால் வர மாட்டேன்.

ஒரே ஒரு வாய் வார்த்தை என்கிறீர்கள். ஈஸ்வரியின் விசாவை நிறுத்தியதும் அதே வார்த்தைதான். நீங்கள் அதைத் தெரியாமல் சொன்னீர்கள். நான் தெரிந்தே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அமையவில்லை என்று அம்மாவே மம்சாபுரத்தில் சொல்லிவிட்டு, அமைந்துவிட்டது என்று பெல்ஜியத்துக்கு எந்தக் கையால் எழுதுவேன்?

இன்னொன்று. அரைப் பரீட்சையில் பிள்ளை தோற்றதை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிற வாத்தியார்கள் உண்டு. இரக்கப்பட்டுத்தான் மறைப்பார்கள். முழுப் பரீட்சையில் தெரியும்போது பெற்றோர் கேட்கிற கேள்வி, ஏன் தோற்றான் என்பதல்ல. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்பதுதான். மொக்கைச்சாமி அதைத்தான் கேட்பார். ஈஸ்வரி எதிலும் தோற்றவள் இல்லை. அவளை எதற்காகத் தோற்ற பிள்ளையைப் போல மறைக்க வேண்டும்?

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் பயம் எனக்குத் தெரிகிறது. தனுஷுக்கு என் ஆசீர்வாதம். ஈஸ்வரி போகச் சொல்லித்தான் கெஞ்சுகிறாள். “என்னயச் சொல்லி நீங்க ரெண்டு பேரும் சண்ட போடாதீங்கம்மா” என்கிறாள். “இது சண்டை இல்லட்டி” என்றேன்.

கனகலட்சுமி


ராஜபாளையம்
5 செப்டம்பர் 2025

கனகம்,

இன்று ஆசிரியர் தினம். வாழ்த்து. போனில் சொல்லியிருக்கலாம், எழுதினால்தான் எனக்கு வரிசையாக வருகிறது.

நேற்று எல்லாத் தட்டுக்கும் ஆள் இருந்தது. முதல் தட்டு மட்டும் பாயில் கிடந்தது. சீனியம்மாள் எடுக்கக் குனிந்தாள். மொக்கைச்சாமியின் அக்கா அங்காளம்மாள் விடவில்லை.

“தாய் எடுக்கப்படாது தாயி. பையனுக்கு அத்தைக்காரி இல்லயா?”

“இருக்கா. வரல” என்றேன்.

“ஏன், மேலுக்குச் சரியில்லயா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மா விடாமல், “அவியளுக்கு ஒரே மக இல்லா? கட்டிக் குடுத்தாச்சா?” என்றாள்.

தனுஷைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும் போல. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. முதல் தடவை தெரியாமல் சொன்னேன். இப்போது சொன்னால் பொய்.

“கட்டிக் குடுக்க வேண்டிய வேல எங்களுக்கு வைக்கல. அவளே அமைச்சுக்கிட்டா. பேரு எல்கா, பெல்ஜியத்துக்காரி. ஆமா, பொண்ணுதான். ரெண்டும் பொண்ணு. விசா நின்னு கெடக்கு, அதுவும் என் வாயால. இங்க வந்து ‘இன்னும் அமையல’ன்னு சொல்லுன்னேன். அதனாலதான் எந் தங்கச்சி வரல.”

மொக்கைச்சாமியின் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவரோடு ஏழெட்டுப் பேர் சாப்பிடாமல் போய்விட்டார்கள். மொக்கைச்சாமி என் முன்னால் வந்து நின்றார்.

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“பயம்.”

“மிலிட்டரிக்காரருக்கா?”

“மகன் கல்யாணம்னா எவனுக்கும் பயந்தான்.”

உள்ளே போய் மனைவியிடமும் மகளிடமும் பேசிவிட்டு வந்தார். “எனக்கு இது வெளங்கல சுபேதார். வெளங்க நாளாகும். ஆனா நான் விசாரிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி நீரே சொன்னீரு பாத்தீரா, அது எனக்குப் போதும். எம் மகளுக்கும் போதுமாம். ஆனா அத்தை இல்லாம தட்டு மாத்த மாட்டோம். போயி அவியளக் கூட்டிட்டு வாரும்” என்றார்.

தட்டுகளை வேனில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. தலை குனிந்து வந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ நெஞ்சை நிமிர்த்தித்தான் உட்காரத் தோன்றியது.

புதன்கிழமை நல்ல நாள். காலையில் நோட்டரி. பிறகு மம்சாபுரம். வண்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

சமுத்திரம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் தட்டை நான் தூக்கியதும் வரிசை நகர்ந்துவிட்டது. அங்காளம்மாள் என் காதில், “உங்க மக போட்டோ இருக்கா டீச்சர்? ரெண்டு பேரும் இருக்குறது” என்று கேட்டாள். காட்டினேன். “இம்புட்டு உயரமா!” என்று எல்காவைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நாலு பேர் கையில் போன் சுற்றி வந்தது.

இப்போது ஒரு சிக்கல். உங்கள் வாக்குமூலத்தை வக்கீல் படித்தார். நன்றாக இருக்கிறது, போதாது என்கிறார். “மொதல்ல இல்லன்னாரு, இப்ப உண்டுங்காரு. விசாவுக்காக மாத்திச் சொல்றாருன்னுதான் நெனப்பாங்க” என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். டீச்சர் கேட்ட பிறகு எழுதிய வீட்டுப்பாடத்தை நானும் நம்பியதில்லை. விசா ஆபீசருக்காக எழுதாத ஒன்று வேண்டுமாம். ஊர் பார்க்க, குடும்பம் தானாகச் செய்தது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் கல்யாண ஆல்பம் இருக்கும், தலைதீபாவளிப் போட்டோ இருக்கும். இவர்களுக்கு நாம் எதைச் செய்து வைத்தோம்?

ஈஸ்வரி தளரவில்லை. மில்லுக்குப் போய்வருகிறாள். சாயங்காலம் எல்காவுக்குப் போனில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். இன்று ‘ழ’. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எனக்கு என் ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

கனகலட்சுமி


ராஜபாளையம்
22 செப்டம்பர் 2025

கனகம்,

ஐப்பசிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. சிவகாசிக்கு நானும் மொக்கைச்சாமியும் போனோம். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். உள்பக்கம், எங்கள் வீட்டுப் பெயர் வரிசையைப் பார். உன் பெயருக்குக் கீழே, நம் சொந்தத்தில் ஒவ்வொரு ஜோடியையும் போடுவது போலவே போட்டிருக்கிறது:

ஈஸ்வரி – எல்கா, பெல்ஜியம்

அச்சகத்துக்காரர் பென்சிலால் வட்டம் போட்டு, “அண்ணாச்சி, இங்க மாப்பிள்ள பேரு விட்டுப்போச்சு” என்றார். “விடல. இருக்குறபடி அடிங்க” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மொக்கைச்சாமி தன் போலீஸ் குரலில், “சம்பந்தி சொல்றாரு இல்ல? அடியும்” என்றார். பிறகு வெளியே வந்து என்னிடம், “உங்க பக்கத்து லிஸ்ட்ல வெளிநாடு இருக்கு. எங்க பக்கம் வத்திராயிருப்புக்கு மேல ஆளு இல்ல. இது நியாயமா?” என்று கேட்டார்.

அவருடைய சித்தப்பா தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டோம். அதில் மொக்கைச்சாமிக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. என் சங்கத்திலும் இரண்டு பேர் பத்திரிகையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் விசேஷம் இருக்கிறது, வர முடியாது என்றார்கள். சரி என்று அடுத்த வீட்டுக்குப் போனேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம் மூன்று ஊரிலும் இப்போது வீட்டுக்கு வீடு அந்த வரி இருக்கிறது.

முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்தேன். இரண்டாவதை விசா ஆபீசருக்கு அனுப்பிவிட்டேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஈஸ்வரியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை இணைத்து, மேலே என் கையால், “குடும்பத்துடன் அவசியம் வரவும்” என்று எழுதினேன். வக்கீல் அதை அழிக்கச் சொன்னார். பத்திரிகை வைத்துவிட்டுக் கூப்பிடாமல் இருப்பது நம் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சமுத்திரம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் இரண்டு பேரும் அழுதோமே தவிர ஒன்றும் விவரமாகப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விசா கிடைத்துவிட்டது. வாக்குமூலத்தையும் அழைப்பிதழையும் ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி இருக்கிறது. ஈஸ்வரி அந்தத் தாளை வெள்ளத்தாயிடம் கூடக் காட்டிவிட்டாள். அங்கே போய் நகராட்சி மண்டபத்தில் முறைப்படி பதிந்துகொள்வார்கள். பெயர் வாசிக்கும்போது இரண்டு பேரும் “உள்ளேன்” என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

ஈஸ்வரியைக் கூட்டிப்போக எல்காவே வருகிறாள், தனுஷ் கல்யாணத்துக்கு முந்தின நாள். நம் நாட்டுக்குள் வர அவளுக்குக் கிடைத்தது சுற்றுலா விசாதான். துணை என்று கேட்க இங்கே இடமில்லை. “எதற்கு வருகிறீர்கள்?” என்று கேட்டால், “சுற்றிப் பார்க்க” என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை உண்மை பேசச் சொன்னவள், மருமகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அதில் மட்டும் மனசு ஆறவில்லை.

சென்னையில் அவள் பாஸ்போர்ட்டில் சுற்றுலாப் பயணி என்றுதான் முத்திரை விழும். அது அவர்கள் கணக்கு. மதுரையில் விமானத்தை விட்டு வெளியே வரும்போது, தான் யார் வீட்டுக்கு யாராக வருகிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பட்டுவேட்டியோடு முன்னால் நில்லுங்கள். மதினியை ஆரத்தித் தட்டோடு வரச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற காவலர் என்ன ஏது என்று கேட்டால் மொக்கைச்சாமி பேசிக்கொள்வார்.

மாலைக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று அல்ல, இரண்டு. ஈஸ்வரி உங்கள் பக்கத்தில்தான் நிற்பாள்.

கனகலட்சுமி